டின்னுக்குள் டோக்கன்

காரைக்குடி
6.1.2025

அன்புள்ள தங்கச்சி பவுலினுக்கு,

அக்கா ஷீலா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் மச்சானும் சுகம். நீயும் ஜெரால்டு மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் அனுப்பிய தைலம் தீர்ந்திருக்குமே.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். மணப்பாறையில் பங்குச் சாமியார் வந்து உன் புதுவீட்டை மந்திரித்த அன்று, "இனிமே உங்கிட்ட போன்ல பேச மாட்டேன்டி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சொன்ன விலையை மாற்றுகிற பழக்கம் எனக்குக் கடையிலும் கிடையாது, வீட்டிலும் கிடையாது. எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வீடு வாங்கப் போகிறேன். செக்காலைப் பக்கம், கீழ்த்தளம் மட்டும், ரெண்டு ரூம், பின்னால் ஒரு முருங்கைமரம். வீட்டுக்காரர் மகனோடு இருக்க சென்னைக்குப் போகிறார். விலை நாற்பத்திரண்டு லட்சம். என்னிடம் பதினேழு இருக்கிறது.

சைக்கிள் கேரியரில் சுண்ணாம்பு மூட்டை வைத்து விற்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கு இந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவரில் என் கடைப் பெயிண்ட். உன் வீட்டுச் சுவரிலும்தான், அதற்கு நான் பில் போடவில்லை. ஆனால் நான் ஒரு ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்று உன் வீட்டில் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஷீலா இருக்கறது வாடகை வீடு. அங்க என் உசுரு போனா, வீட்டுக்காரன் பெட்டிய வாசல்ல வைக்க விடுவானா? நான் பவுலின் வீட்லயே இருந்துக்கிறேன்." எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. ஆனால் அம்மா தன் கல்யாணப் பச்சைப் பட்டை எடுத்து உன் மடியில் வைத்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூத்தவளுக்கு வரவேண்டிய சேலை. சாயங்காலமே அதைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றாய். எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, எரிந்தது.

சொந்த வீடு வந்துவிட்டால் அம்மா என்னிடம் வருவார்கள். அதற்குத்தான் இத்தனையும்.

இதுவரை நான் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. பேங்க் வாசல் எனக்குப் புதுசு. நமக்கும் பேங்க்குக்கும் நடுவில் நின்று பேப்பர் வேலை பார்க்கிற லோன் ஏஜென்ட் வேண்டும். உனக்கு முடித்துக் கொடுத்தது யார்? பேரும் நம்பரும் எழுது.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
ஆரோக்கிய ஷீலா

*

மணப்பாறை
29.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பவுலின் வணக்கமாய் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். மச்சான் உடம்பையும் உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல் இருந்தது. இப்போது கஞ்சி குடிக்கிறார்கள். பள்ளியில் திருப்புதல் தேர்வு நடப்பதால் பதில் தாமதம்.

வீடு வாங்குவது சந்தோஷம். எங்களுக்கு முடித்துக் கொடுத்தவர் உடையப்பன். இவருடன் காரைக்குடியில் ஒன்றாகப் படித்தவர், ஆபீஸும் அங்கேதான். பத்து நாளில் முடித்துவிடுவார். உங்களை அலைக்கழிக்க மாட்டார். நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். வேறு யாரிடமும் போய் விசாரிக்க வேண்டியதில்லை.

அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
பவுலின்

*

காரைக்குடி
3.2.2025

அன்புள்ள பவுலினுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதை மூணு வாரம் கழித்து எழுதுகிறாய். இருக்கட்டும்.

உடையப்பனைப் பார்த்தேன். ஏசி ரூம், வாசலில் வெள்ளைக் கார், உட்கார்ந்த உடனே ஜூஸ். "அக்கா, நீங்க ஒண்ணும் யோசிக்காதீக. ஒரு பேப்பரும் தேட வேணாம். கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். பேங்க் வேண்டாமாம். அவருக்குத் தெரிந்த பைனான்ஸ் கம்பெனி இருக்கிறதாம். வட்டி பதிமூணு.

என் தொழிலில் ஒன்று உண்டு, உனக்குத் தெரியுமோ என்னவோ. பெயிண்ட் டின்னுக்குள் கம்பெனிக்காரன் டோக்கன் போட்டு அனுப்புவான். டின்னைத் திறக்கிற பெயிண்டருக்கு அது காசு. வீட்டுக்காரரிடம் "இந்தக் கம்பெனிதான் நிக்கும் சார்" என்று பெயிண்டர் அடித்துச் சொன்னால், சுவரைப் பார்த்துச் சொல்கிறாரா டோக்கனைப் பார்த்துச் சொல்கிறாரா என்று நான் கல்லாவில் இருந்தே சொல்லிவிடுவேன்.

அதனால் உடையப்பனிடம் நேராகவே கேட்டேன். "தம்பி, இதுல உங்க டோக்கன் எவ்வளவு?" அவர் சிரித்தார். "எனக்கென்னக்கா, எல்லாம் ஒரு சேவைதான்."

ஏசி போட்டுச் சேவை செய்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

என்னிடம் சரக்கு எடுக்கிற காண்ட்ராக்டர் ஒருவர் செம்மலை என்று ஒரு ஏஜென்ட்டைச் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு சின்ன ரூமாம். அவரையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். ரெண்டு கடை ஏறாமல் நான் ஒரு பிரஷ்கூட வாங்குவதில்லை.

அம்மாவை வெந்நீரில் கால் வைக்கச் சொல்.

உன் அக்கா,
ஷீலா

*

மணப்பாறை
6.2.2025

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் கடிதம் இன்றுதான் கிடைத்தது, உடனே எழுதுகிறேன்.

செம்மலையிடம் போக வேண்டாம். அவர் காரியத்தை முடிக்க மாட்டார். நோண்டி நோண்டிக் கேட்பார். இருபது வருஷத்துப் பேப்பரை எல்லாம் கேட்பார். அதற்குள் வீடு கைமாறிவிடும். வட்டி கொஞ்சம் கூடினாலும் உடையப்பனே நல்லது. உங்களுக்கு இருக்கிற வியாபாரத்துக்கு அந்த வட்டி ஒரு பொருட்டா?

தயவுசெய்து என் பேச்சைக் கேளுங்கள்.

பவுலின்

*

காரைக்குடி
15.2.2025

பவுலினுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

அம்மா காய்ச்சலில் கிடந்தபோது மூணு வாரம் ஆன உன் பதில், செம்மலை பேரை எழுதியதும் அன்றைக்கே கிளம்பிவிட்டது. முந்தாநாள் உன் கடிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு அவர் மாடி ஏறினேன்.

ஏசி இல்லை. ஜூஸ் இல்லை. ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, சுவரில் பேங்க் காலண்டர்கள். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். மனுஷர் ஒரு துண்டுப் பேப்பரை எடுத்து எழுதியே காட்டினார். "பேங்க்ல முடிச்சா எனக்கு நூத்துக்கு நாப்பது பைசா தருவாக. பைனான்ஸ் கம்பெனியில முடிச்சா ஒண்ணே கால் ரூவா. அதான் எல்லாரும் உங்கள அங்குட்டுத் தள்ளுறாக. உங்ககிட்ட நான் தனியா ஒண்ணும் வாங்க மாட்டேன்." பேங்க் வட்டி ஒன்பதுக்கும் கீழே வருமாம்.

டோக்கனை வெளியே எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் பேசுகிறவரை நான் நம்புவேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன். நேற்று வீட்டுக்காரருக்கு மூணு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட்டும் போட்டாயிற்று. மே முப்பத்தொன்றுக்குள் லோன் வராவிட்டால் அட்வான்ஸும் போகும், வீடும் போகும்.

செம்மலை இன்னொன்றும் சொன்னார். நான் உன் பேரை எடுத்ததும், "மணப்பாறை டீச்சரா? அவுகளும் வூட்டுக்காரரும் ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இங்க வந்தாக. கடன் ரிப்போர்ட் எடுத்துக் காட்டினேன். பாத்துட்டுப் போனவுக, திரும்பி வரல" என்றார். அதற்கு மேல் கேட்டேன். "அது அவுக சமாச்சாரம்" என்று வாயை மூடிக்கொண்டார். அதுவும் எனக்குப் பிடித்தது.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். நல்ல ஏஜென்ட் யார் என்று உனக்கு முன்னமே தெரியும். ஏன் என்னைப் பதிமூணு வட்டிக்குத் தள்ளினாய்? உன் டின்னுக்குள் என்ன டோக்கன்? அக்கா தன்னைப்போல வீடு வாங்கிவிடக் கூடாது, வாங்கினாலும் கூடக் கொடுத்து வாங்கட்டும் என்பதா? உனக்கு அரசாங்கச் சம்பளம் இருக்கிறது, வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறார்கள், சேலையும் இருக்கிறது. இன்னும் என்னடி வேண்டும்?

என் ரிப்போர்ட்டைப் பத்து நாளில் எடுக்கிறார். கடனே வாங்காதவளுக்கு என்ன ரிப்போர்ட் என்று கேட்டேன். பார்த்துவிடுவோம் என்கிறார்.

ஷீலா

*

காரைக்குடி
4.3.2025

பவுலின்,

நலம் கேட்டு எழுத இன்றைக்கு மனசில்லை.

ரிப்போர்ட் வந்துவிட்டது. 2017 டிசம்பர், குட்டி லோடு வண்டிக்கு நாலு லட்சத்து இருபதாயிரம் கடன். வாங்கியவர் மரிய ஜெரால்டு. ஜாமீன் ஆரோக்கிய ஷீலா. 2019க்குப் பிறகு ஒரு தவணையும் கட்டவில்லை. நிற்பது ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். இதை வைத்துக்கொண்டு எந்த பேங்க்கும் எனக்குக் கதவைத் திறக்காது என்கிறார் செம்மலை.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். கடையில் கூட்டம், வாசலில் லோடு இறங்குகிறது. மாப்பிள்ளை பேப்பரோடு வந்து, "சாட்சிக் கையெழுத்துதான் மதினி, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்றார். டெலிவரி சீட்டில் போடுகிற மாதிரி போட்டுவிட்டு டின் எண்ணப் போய்விட்டேன். ஒரு டின் குறைந்தால் லாரியை நகரவிடாதவள், அந்தப் பேப்பரில் ஒரு வரி படிக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

ஆனால் என் பேருக்கு நேரே ஒரு போன் நம்பர் இருக்கிறது. அது என் நம்பர் இல்லை. மாப்பிள்ளை நம்பர். ஏழு வருஷமாக எனக்கு ஏன் ஒரு அழைப்பும் வரவில்லை என்று இப்போது புரிகிறது.

உனக்கு இது தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

ஷீலா

*

காரைக்குடி
20.3.2025

(கார்டு)

பதினாறு நாள் ஆயிற்று. அம்மா சுகமா என்றாவது எழுது. மே 31க்கு இன்னும் எழுபத்திரண்டு நாள்.

ஷீலா

*

மணப்பாறை
1.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன்.

எனக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் என்று கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம் சொன்னேன். அவர் பரிகாரமாக ஜெபம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. "யாருக்குச் செஞ்சியோ அவுககிட்ட சொல்லும்மா, அப்புறம் இங்க வா" என்று எழுந்துவிட்டார். அதன் பிறகும் எழுத எட்டு நாள் ஆனது.

கையெழுத்து வாங்கியபோது எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் வண்டி ஓடியது, பிறகு படுத்தது, கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அதோடு முடிந்தது என்று இவர் சொன்னார். ரெண்டு வருஷம் முன்பு செம்மலை மேஜையில் இவருடைய ரிப்போர்ட்டில் உங்கள் பேரைப் பார்த்தேன். மாடிப்படியில் இறங்கும்போது இவரிடம் சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு உடையப்பன் என் பேரில் மட்டும் லோன் முடித்தார். வீட்டு வேலை முடிந்தபோது கையில் இரண்டு லட்சம் மிச்சம் இருந்தது. அதில் அந்த பாக்கியைக் கட்டியிருக்கலாம். நான் அடுப்படிக்கு அலமாரி போட்டேன். மந்திரிப்பு அன்று நீங்கள் அந்த அலமாரியைத் திறந்து பார்த்து, "நல்லா இருக்குடி, நெறம் நல்லா எடுத்துருக்க" என்றீர்கள். அதனால்தான் அன்று உங்களிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. நீங்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உடையப்பன் வழியாகப் போனால் ரிப்போர்ட்டை உங்களிடம் காட்ட மாட்டார்கள், வட்டியை மட்டும் ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். அக்கா கூடக் கட்டினாலும் பரவாயில்லை, தெரியாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். அம்மா என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு நாள் முழுக்க உங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் படித்தது, வேலை வாங்கியது எதுவும் பேச்சில் வராது. வீடு ஒன்றில்தான் நான் உங்களை முந்தினேன். நீங்களும் வாங்கிவிட்டால் அம்மா அங்கே வந்துவிடுவார்கள், என்னிடம் ஒன்றும் இருக்காது. அந்த நினைப்பும் இருந்தது, அக்கா.

பவுலின்

*

காரைக்குடி
9.4.2025

பவுலினுக்கு,

நானும் மச்சானும் இருக்கிறோம். கடிதத்தை மூணு தரம் படித்தேன். மன்னிப்பைப் பற்றி இப்போது பேச நேரமில்லை, அக்ரிமெண்ட் தேதி ஓடுகிறது. செம்மலை சொன்னதை எழுதுகிறேன், அப்படியே செய்யுங்கள்.

பைனான்ஸ் கம்பெனியில் போய்க் கேட்டால் "பாதியைக் கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்பார்கள். அதில் விழக் கூடாது. பாதி கட்டி முடித்தால் ரிப்போர்ட்டில் அது கறையாகவே நிற்கும். முழுசாகக் கட்டி, பாக்கி இல்லை என்று கம்பெனி முத்திரையோடு லெட்டர் வாங்க வேண்டும். நான் ஒரு பைசா போட மாட்டேன். போட என்னால் முடியும். போட மாட்டேன்.

அதன் பிறகும் என் ரிப்போர்ட் சீராக மாசங்கள் ஆகும். அதுவரை பேங்க் என்னை நம்ப வேண்டுமானால், அரசாங்கச் சம்பளக்காரர் ஒருவர் எனக்கு ஜாமீன் போட வேண்டுமாம். "உங்களுக்கு அப்படி யாரும் இருக்காகளா?" என்று கேட்டார் செம்மலை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என்னைப் பற்றிப் பேசுவார்கள் என்று எழுதியிருந்தாய். என்ன பேசுவார்கள் என்று விவரமாக எழுது. கோபம் வேறு, இது வேறு.

ஷீலா

*

மணப்பாறை
6.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் பாஸ்கா கால வாழ்த்துகள். நாங்கள் சுகம்.

கம்பெனியில் நீங்கள் சொன்னபடியே பாதிக்கு முடிக்கலாம் என்றார்கள். இவர் தலையாட்டப் போனார், நான் முழங்கையால் இடித்தேன். முழுசாகக் கட்டிவிட்டோம். என் வளையல் நாலையும் விற்றோம், இவர் பைக்கை விற்றார். இப்போது பஸ்ஸில்தான் போய்வருகிறார். முத்திரை போட்ட லெட்டர் இந்தக் கவரிலேயே இருக்கிறது.

ஜாமீனுக்கு நான் வருகிறேன். செம்மலை கேட்டபோது நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள் என்பதைப் படித்துவிட்டு ஒரு பாடவேளை முழுக்க என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அம்மா பேசுவதைக் கேட்டிருந்தீர்கள். நேற்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னது இது: "எம் மூத்தவகிட்ட கடையில ஒத்தப் பைசா ஏமாத்த முடியாது. ஆனா பசின்னு போய் நின்னு பாரு, எத்தன கரண்டி போட்டோம்னு எண்ண மாட்டா." என்னைப் பற்றி அப்படி ஒரு வரி நான் கேட்டதில்லை.

உங்கள் வீடு முடியப்போகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷம் என்று சொல்லவில்லை. "அந்த வீட்டுல கக்கூஸ் உள்ளேயே இருக்கா, வெளிய போகணுமா?" என்று கேட்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. ரெண்டு நாள் நான் அம்மாவுடன் சரியாகப் பேசவில்லை.

எந்தத் தேதியில் வர வேண்டும்?

பவுலின்

*

காரைக்குடி
12.5.2025

தங்கச்சி பவுலினுக்கு,

அக்கா எழுதுவது. நானும் மச்சானும் சுகம். லெட்டர் வந்தது. செம்மலை அதை வெளிச்சத்தில் பிடித்து ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். நானும் ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் எல்லாவற்றையும் படிக்கிறேன்.

மே 22, வியாழக்கிழமை, காலை பத்தரைக்கு பேங்க். பள்ளி லீவுதானே, விடிந்ததும் பஸ் ஏறிவிடு. மாப்பிள்ளை வர வேண்டாம். வந்தால் நான் ஏதாவது பேசிவிடுவேன், மேனேஜர் ரூமில் அது நன்றாக இருக்காது. பஸ்ஸில் போகிறார் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது. உன் கை வளையலை விற்றதைப் படித்தபோது அப்படி இல்லை.

முப்பது, நாற்பது பக்கம் நீட்டுவார்கள். ஒவ்வொரு பக்கமும் படித்துவிட்டுப் போடு. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும். நான் கட்டத் தவறினால் உன் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று எழுதியிருக்கும், அதை ரெண்டு தடவை படி. போன் நம்பர் கேட்கிற இடத்தில் உன் நம்பரையே எழுது. நான் ஒரு தவணை தள்ளினால் அன்றைக்கே உனக்கு அழைப்பு வர வேண்டும். தள்ள மாட்டேன். ஆனாலும் வர வேண்டும்.

உன் கையெழுத்தில்லாமல் இந்த வீட்டை வாங்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. நாளைக்கு யாராவது "தங்கச்சி ஜாமீன்ல வாங்கின வீடு" என்று சொன்னால் இப்போதே எரிகிறது. என்ன செய்ய, வேறு யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி வைக்கச் சொல்லிவிட்டேன். அம்மா ரூமுக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டு எழுது. நீ யோசனை சொல்லாதே, அம்மாவே சொல்லட்டும். மாசத்தில் ஒரு வாரம் அம்மா உன்னிடம் இருக்கலாம். எந்த வாரம் என்பதை நான் சொல்வேன்.

போனில் இன்னும் உன் நம்பரை அடைத்துத்தான் வைத்திருக்கிறேன். பத்திரம் கைக்கு வரட்டும், பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. வரும்போது அம்மாவின் பச்சைப் பட்டைக் கொண்டு வா. கட்டிக்கொண்டு வராதே. பையில் வைத்துக் கொண்டு வா.

உன் அக்கா,
ஷீலா